திசு சொல்லும் சாட்சி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் முதலில் எழுவது அச்சம். அதற்கு அடுத்தபடியாக எழுவது ஆராய்ச்சிக் கூடங்களைப் பற்றிய ஒரு பிரமிப்பு. மேல்நாட்டில் எங்கோ ஒரு விஞ்ஞானி ஒரு நாள் ஒரு மருந்தைக் கண்டுபிடிப்பார், அன்றோடு இந்நோய் ஒழிந்துவிடும் என்றே நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். என் கருத்து வேறு. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, உயிர் காக்கும் கண்டுபிடிப்புகள் சில நம் பாட்டிமார் காலத்திலேயே நிகழ்ந்துவிட்டன. அவை ஒரு பெண்ணை வந்தடைவதும் வந்தடையாமற் போவதும் இன்று ஒரு புட்டி ஃபார்மலினையும், சுவர்க் கடிகாரத்தையும், ஒரு கண்ணாடித் தகட்டைச் சோம்பலின்றிச் சரிபார்க்கும் ஒருவரையும் பொறுத்திருக்கிறது. இதைச் சொல்ல விலங்கியல் மாணவிக்கு என்ன உரிமை, மருத்துவர்களல்லவா சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் விடை சொல்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் உடலில் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே ஜீன் தொகுதிதான் இருக்கிறது. ஆயினும் கல்லீரல் செல் ஆல்புமினை உண்டாக்குகிறது. கணையத்தின் பீட்டா செல் இன்சுலினை உண்டாக்குகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை. ஊர் நூலகத்தில் எல்லாப் புத்தகங்களும் இருக்கும். யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்கிறார் என்பதில்தான் ஆளின் குணம் தெரியும். அதுபோல ஒரு செல் தன்னிடமுள்ள ஜீன்களில் எவற்றைப் புரதமாக வடிக்கிறது, எவ்வளவு வடிக்கிறது என்பதில்தான் அந்தச் செல்லின் குணம் இருக்கிறது. இதையே புரத வெளிப்பாடு என்கிறோம். புற்றுநோய்க் கட்டியும் செல்களால் ஆனதே. ஆகவே மார்பகத்தில் தோன்றும் கட்டிகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், உள்ளே வெளிப்படும் புரதங்களைப் பார்த்தால் அவை வெவ்வேறு நோய்கள் என்று சொல்லத்தக்க அளவுக்கு வேறுபடுகின்றன. ஈஸ்ட்ரோஜென் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 என்ற மூன்று புரதங்கள் இருக்கின்றனவா என்பதே இன்று எந்தப் பெண்ணுக்கு எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த அறிவு வந்த வழி சுவையானது. 1896-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்களின் சினைப்பைகளை அகற்றியபோது கட்டிகள் சுருங்கியதாக 'லான்செட்' இதழில் எழுதினார். ஹார்மோன் என்ற சொல்லே அன்று பிறந்திருக்கவில்லை! கறவை மாடுகளின் சினைப்பையை எடுத்துவிட்டால் அவை நீண்ட நாள் பால் சுரக்கும் என்று குடியானவர்கள் கண்டிருந்த உண்மையிலிருந்து அவர் சிந்தனை கிளம்பியது. ஆனால் அந்த அறுவை சிலருக்கே பயன்பட்டது, பலருக்கு வீணாயிற்று. யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்று முன்கூட்டியே சொல்ல அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் இயலவில்லை.

விடையைத் தந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன். 1950-களின் பிற்பகுதியில் அவர் ஈஸ்ட்ரோஜென் மூலக்கூறில் கதிரியக்க ஹைட்ரஜனாகிய டிரிட்டியத்தைப் பொருத்தி, அது உடலில் எங்கே போய்த் தங்குகிறது என்று தேடினார். ஹார்மோன்கள் என்சைம்களால் மாற்றப்பட்டே வேலை செய்கின்றன என்பது அன்றைய நம்பிக்கை. ஜென்சன் கண்டதோ வேறு. கருப்பைத் திசு அந்த ஹார்மோனை மாற்றாமல் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. பிடித்து வைப்பது ஒரு புரதம். அதுவே ஈஸ்ட்ரோஜென் ஏற்பி. மார்பகக் கட்டிகளிலும் சிலவற்றில் இப்புரதம் இருந்தது, சிலவற்றில் இல்லை. இருந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஹார்மோன் மருத்துவத்துக்குப் பணிந்தன. இல்லாதவற்றில் மிகச் சிலவே பணிந்தன. பீட்சனின் புதிர் அவிழ்ந்தது.

இதனிடையே இங்கிலாந்தில் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தார் கருத்தடை மாத்திரையாகப் பயன்படும் என்று எண்ணி 1960-களில் ஒரு வேதிப்பொருளைத் தயாரித்தனர். கருத்தடைக்கு அது உதவவில்லை. தோற்றுப்போன அந்த மாத்திரையை மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனை மருத்துவர்கள் மார்பகப் புற்றுநோயில் பயன்படுத்திப் பார்த்து 1971-இல் முடிவை வெளியிட்டனர். அதுதான் டமாக்ஸிஃபென். ஈஸ்ட்ரோஜென் வந்து அமர வேண்டிய இருக்கையில் இது வந்து அமர்ந்துகொள்கிறது. ஏற்பி உள்ள பெண்கள் அறுவைக்குப் பின் ஐந்தாண்டுகள் இதை உட்கொண்டால், நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல்லாயிரம் பெண்களின் கணக்கைத் தொகுத்த ஆய்வு 2011-இல் காட்டியது. ஏற்பி இல்லாதவர்களுக்கு இதனால் பயனில்லை. மாத்திரையின் விலையோ ஒரு நாளைக்குச் சில ரூபாய். ஆகவே, ஏழைப் பெண்ணுக்கும் எட்டக்கூடிய மருந்து கைவசம் இருக்கிறது. அவளுடைய கட்டியில் அந்தப் புரதம் இருக்கிறதா என்று உண்மையாகச் சொல்லிவிட்டால் போதும்.

உண்மையாகச் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

தொடக்கத்தில் பச்சைத் திசுவை உறைய வைத்து, அரைத்து, கதிரியக்க ஹார்மோனைக் கலந்து ஏற்பியை அளந்தார்கள். அதற்குத் திசு நிறைய வேண்டும். பெரிய கூடம் வேண்டும். இன்று எங்கும் நடப்பது எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யும் சோதனை. அதன் முறையை நம் வகுப்பில் கற்ற நுண்தொழில்நுட்பப் பாடத்தை நினைவிற்கொண்டு படித்தால் எளிதில் விளங்கும். கட்டியின் துண்டைப் பத்துச் சதவிகித ஃபார்மலினில் இடுகிறார்கள். பிறகு ஆல்கஹாலில் நீரகற்றி, சைலீனில் தெளிவாக்கி, பாரஃபின் மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவுகிறார்கள். இதுவரை நமக்குப் பழக்கமானதே. ஆனால் ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து முடிச்சிட்டுவிடுவதால், நாம் தேடும் புரதம் உள்ளே மறைந்துபோகிறது. அந்தச் சீவலை ஒரு கரைசலில் இட்டுச் சூடாக்கினால் முடிச்சு தளர்ந்து புரதம் மீண்டும் முகம் காட்டும் என்று 1991-இல் கண்டார்கள். கண்டவர்கள் பயன்படுத்தியது மைக்ரோவேவ் அடுப்பு! பின்னர் அந்தப் புரதத்தை மட்டுமே பற்றக்கூடிய எதிர்ப்பொருளை ஊற்றுகிறார்கள். 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒற்றை வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு உண்டாக்கும் வழியைக் கண்டிராவிட்டால் இது கைகூடியிராது. 1984-இல் அவர்கள் பெற்ற நோபல் பரிசு அதற்காகத்தான். எதிர்ப்பொருளின் இருப்பைக் கண்ணுக்குக் காட்ட ஒரு என்சைமை அதனோடு இணைக்கிறார்கள். அந்த என்சைம் கிடைப்பது முள்ளங்கிக்கும் கடுகுக்கும் உறவான ஒரு மேல்நாட்டுச் செடியின் வேரிலிருந்து. வண்ணப்பொருளைச் சேர்த்தால் புரதம் உள்ள இடம் பழுப்பாகும். மற்ற உட்கருக்கள் ஹீமடாக்ஸிலினால் நீலமாக நிற்கும். நூறு செல்லில் ஒன்றின் உட்கருவேனும் பழுப்பாயிருந்தால் ஏற்பி உண்டு என்று கொள்ள வேண்டும் என்பது 2010 முதல் உலகோர் பின்பற்றும் விதி.

பழுப்பா, நீலமா? ஒரு பெண்ணின் ஐந்தாண்டு மருத்துவம் இந்த இரு நிறங்களுக்கு இடையில் நிற்கிறது. பழுப்பாக வேண்டியது நீலமாகவே நின்றுவிட்டால்?

கற்பனையாகக் கேட்கவில்லை, நண்பர்களே. கனடா நாட்டின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து அண்டு லாப்ரடார் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மீன்பிடிப்போரின் நாடு. அம்மாநிலத்துப் பெண்களின் மார்பகத் திசுக்கள் செயின்ட் ஜான்ஸ் என்ற தலைநகரத்து மருத்துவமனைக் கூடத்தில் ஏற்பிச் சோதனைக்கு உள்ளாயின. 2005-இல், முன்பு 'இல்லை' என்று விடை வந்த ஒரு நோயாளியின் திசுவைப் புதிய இயந்திரத்தில் மீண்டும் சோதித்தபோது 'உண்டு' என்று வந்தது. சந்தேகம் எழுந்தது, இன்னும் சிலவற்றைச் சோதித்தார்கள், அவையும் மாறின. 1997 முதல் 2005 வரை 'இல்லை' என்று விடை பெற்ற ஆயிரத்துச் சொச்சம் பேரின் மெழுகுக் கட்டிகளை டொராண்டோவின் மவுண்ட் சினாய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ நானூறு பெண்களுக்குத் தவறான விடை தரப்பட்டிருந்தது என்று தெரிந்தது. மாத்திரை பெற்றிருக்க வேண்டியவர்கள் பெறாமல் இருந்திருக்கிறார்கள். உண்மை வெளியானபோது அவர்களுள் நூறு பேருக்கு மேல் உயிரோடு இல்லை. மாத்திரை கிடைத்திருந்தால் இன்னார் பிழைத்திருப்பார் என்று தனித்தனியே பெயர் சொல்ல எவராலும் ஆகாது. அதனால் குற்றம் சிறிதாகிவிடுமா?

இதில் என்னை அதிகம் உலுக்கியது பிழை அன்று. பிழையைச் சூழ்ந்திருந்த மௌனம். 2003-ஆம் ஆண்டிலேயே அக்கூடத்தின் நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் இந்தச் சோதனை நம்பத்தக்கதாக இல்லை என்று எழுதி எச்சரித்தார். சில வாரங்கள் சோதனையை நிறுத்தியும் வைத்தார். பின்பு அது மீண்டும் பழையபடியே தொடர்ந்தது. 2005-இல் குற்றம் தெரிந்த பிறகும், அந்தப் பெண்களில் பலர் செய்தியை அறிந்தது அக்டோபர் மாதத்தில் ஒரு செய்தித்தாளின் வாயிலாகத்தான். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்து 2009-இல் அறிக்கை தந்தது. அக்குழு கண்ட காரணங்களைப் படித்துப் பாருங்கள்: திசுவைப் பதப்படுத்துவதில் ஒழுங்கில்லை, தரக் கட்டுப்பாடு இல்லை, பணியாளருக்குப் போதிய பயிற்சி இல்லை, பொறுப்பாக மேற்பார்வை செய்ய ஆளில்லை. பணக்கார நாட்டில், நல்ல கட்டடத்தில், படித்தவர்களின் கையில் நடந்தது இது. கருவி இல்லாமையால் வந்த கேடு அன்று.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கட்டியை வெட்டும்போது அதன் ஓரத்தில் நலமான மார்பகக் குழாய்களும் சில சேர்ந்து வருவதுண்டு. நலமான குழாயில் சில செல்களேனும் ஈஸ்ட்ரோஜென் ஏற்பியைக் கொண்டிருக்கும். ஆகவே அவை பழுப்பாகியே தீர வேண்டும். ஒரு தகட்டில் கட்டியும் நீலம், பக்கத்து நலமான குழாயும் முழு நீலம் என்றால் பொருள் என்ன? கட்டியில் ஏற்பி இல்லை என்பதன்று. சோதனையே நடக்கவில்லை என்பதுதான். சாட்சிக் கூண்டில் ஏறியவர் ஊமையாக நிற்கிறார். அவர் மறுத்தார் என்று எழுதிவிடலாமா? ஒவ்வொரு தகட்டிலும் இந்தச் சாட்சியைத் தேடிப் பார்ப்பதற்குப் பணம் வேண்டாம். பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வேண்டும்.

இனி ஃபார்மலினுக்கு வருவோம். திசுவை உடலிலிருந்து எடுத்தவுடனே அதன் புரதங்கள் சிதையத் தொடங்குகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் அது ஃபார்மலினில் விழ வேண்டும். ஆறு மணிக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணிக்கு மேற்படாமலும் அதில் இருக்க வேண்டும். திசுவைப்போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். இவை உலகம் ஒப்புக்கொண்ட விதிகள். பெரிய துண்டாயின் அதைச் சீவித்தான் போட வேண்டும். முழு மாங்காயை உப்பில் போட்டால் ஊற எத்தனை நாளாகும், துண்டு மாங்காய் எப்படி ஓர் இரவில் உப்பேறிவிடும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மார்பகம் முழுவதையும் வெட்டாமல் வாளியில் போட்டு மூடிவிட்டால் மேற்புறம் பதமாகும். நடுவிலிருக்கும் கட்டி கெட்டுக்கொண்டிருக்கும். சனிக்கிழமை மாலையில் அறுவை நடந்து, திங்கட்கிழமை காலையில் வாளி திறக்கப்படும் இடங்களில் என்ன நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டுக்கு இது ஏன் அவசரமான செய்தி? 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், 98,000 பேர் இறந்தனர் என்றும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. இந்தியப் பெண்களின் கட்டிகளில் மூன்று புரதமும் இல்லாதவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. மேல்நாடுகளிலோ அது ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்குதான். இவ்வளவு வேறுபாடு ஏன்? நம் பெண்களுக்கு இந்நோய் இளவயதிலேயே வருவதும், இளவயதில் இவ்வகைக் கட்டி மிகுதியாக இருப்பதும் ஒரு காரணம். ஆனால் அதன் ஒரு பகுதி கட்டியின் குணம் அன்று, ஃபார்மலினின் குணம் என்று நோய்க்குறியியல் வல்லுநர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால், சில ரூபாய் மாத்திரையால் காக்கப்படக் கூடியவர்களை நாம் 'மாத்திரை பயன்படாது' என்ற வரிசையில் நிறுத்திக்கொண்டிருக்கிறோம். அந்தப் பகுதி சிறிதாகவே இருக்கட்டும். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்தில் நூற்றுக்கு ஒருவர் என்றாலும் ஆண்டுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது பேர். நம் கல்லூரியில் படிக்கும் அனைவரையும் அந்தப் பெண்களாக எண்ணிக்கொண்டால் போதும்.

சோதனை சரியாக நடந்த இடத்திலும் சொல் தவறிப்போகிறது. எங்கள் தெருவில் கல்லூரிப் படி மிதித்தவள் நான் ஒருத்திதான். ஆகையால் ரேஷன் கடைக் குறிப்பிலிருந்து பத்திரப் பதிவுத் தாள் வரை எல்லாம் என்னிடம் வரும். சென்ற ஆண்டு, மூன்று வீடு தள்ளியிருக்கும் அத்தை ஒருவர் ஒரு மருத்துவமனையில் தந்த தாளைக் கொண்டு வந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி.

"மூணுக்கும் நெகட்டிவ்னு போட்டிருக்காங்கம்மா. அப்போ ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்? நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. எதுக்கு வீணா பஸ் காசுன்னு பார்க்கிறேன்."

நான் தாளை இரு முறை படித்தேன். "இல்லை அத்தை. வியாதி இல்லைன்னு இதுல போடல. மாத்திரை இதுக்குக் கேட்காது, ஊசி மருந்துதான் ஏத்தணும்னு போட்டிருக்காங்க. நாளைக்குக் கட்டாயம் போகணும். நானும் வர்றேன்" என்றேன். அத்தை வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் இருவரும் போனோம். கூட்டத்தின் நடுவிலும் மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். தொடக்க நிலையில் கண்டு முறையாக மருந்து ஏற்றினால் இவ்வகையிலும் பலர் குணமடைகிறார்கள் என்று அவர் சொன்ன பின்புதான் அத்தைக்கு மூச்சு வந்தது.

அத்தையின் பிழையா இது? சளிப் பரிசோதனையில் 'நெகட்டிவ்' நல்ல சேதி. கொரோனாக் காலத்தில் ஊரே அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தது. மார்பகத் திசுவில் மட்டும் அதே சொல் கடினமான சேதி. 'பாசிட்டிவ்' என்று கண்டு கதறி அழுத பெண்ணுக்கோ அது ஆறுதலான சேதியாக இருந்திருக்கும். ஆங்கிலத்தில் முழுப் பக்க அறிக்கை அடிக்கிறவர்கள் அதன் அடியில் தமிழில் இரண்டு வரி அச்சிட்டால் என்ன? 'ஹார்மோன் ஏற்பி உள்ளது. மாத்திரை பயன்படும்' என்றோ, 'ஏற்பி இல்லை. வேறு மருந்து தேவை, தவறாது வரவும்' என்றோ எழுத எவ்வளவு மை செலவாகும்? நோயாளிக்குப் புரியாது என்பார்கள். மளிகைக் கடைக்காரர் எடை போடும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வாதாடும் நம் தாய்மாருக்கு இது புரியாதா!

ஹெர்-2 பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம் என்றிருந்தேன்; ஆனால் அதில்தான் புரதச் சோதனையின் பொறுப்பு ஆண்டுக்காண்டு ஏறிவருகிறது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் வைன்பர்க்கின் கூடத்தில் எலியின் நரம்புக் கட்டியில் இதன் தடம் முதலில் கிடைத்தது. கண்டவர்களுள் ஒருவர் பம்பாயிலிருந்து சென்றிருந்த லட்சுமி சரண் பாதி என்ற இந்தியர். 1987-இல் டென்னிஸ் ஸ்லாமனும் கூட்டாளிகளும் மார்பகக் கட்டிகளில் இந்த ஜீன் பெருகியிருந்தால் நோய் விரைவில் திரும்புகிறது என்று காட்டினார்கள். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் அல்லது ஆறில் ஒன்று இவ்வகை. செல்லின் மேலுறை முழுதும் இப்புரதம் அடர்ந்து, நுண்ணோக்கியில் கோழிக் கூண்டு வலைபோலப் பழுப்பாகத் தெரியும். அதைக் கட்டிப்போடும் டிராஸ்டுஸுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்துக்கு 1998-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சோதிப்பதும் எதிர்ப்பொருள், குணமாக்குவதும் எதிர்ப்பொருள்! விலையோ சாமானியர் நினைத்தும் பார்க்க முடியாததாயிருந்தது. 2013-இல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் தயாரித்த நிகர் மருந்துக்கு நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இதை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இன்றும் ஓராண்டுக் காலத்துக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டிய மருந்து இது. குடும்பங்கள் நகையை விற்று ஏற்றுகின்றன. இல்லாத புரதத்தை உண்டென்று சொன்னால் நகை போகும். உள்ள புரதத்தை இல்லையென்று சொன்னால் உயிர் போகும். போதாததற்கு, 2022-ஆம் ஆண்டில் இப்புரதம் மிகக் குறைவாக உள்ள கட்டிகளுக்கும் பயன்படும் புதிய மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி வந்தது. அதுவரை பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் வேறுபாடு பார்க்க யாருக்கும் தேவை இருந்ததில்லை. இன்று அந்த வெளிறிய பழுப்பு ஒரு மருந்தின் வாசற்படி.

இனி, தொடக்கத்தில் தருவதாகச் சொன்ன விடை. அந்தத் தகட்டைத் தயாரிப்பது யார்? பெரும்பாலும் மருத்துவர் அல்லர். ஃபார்மலினை அளந்து ஊற்றுவதும், நேரத்தைக் குறிப்பதும், மெழுகைச் சீவுவதும், எதிர்ப்பொருளை விடுவதும் கூடப் பணியாளர். நம் மாணவ மாணவியர் சிலர் இந்தப் பட்டத்துக்குப் பின் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பட்டயம் பெற்று அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். போன ஆண்டு நம் துறையில் படித்து முடித்த அக்காமார் இருவர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். ஆகவே இது நம் பிழைப்பைப் பற்றிய செய்தி. நம் பழக்கத்தைப் பற்றிய செய்தியுங்கூட.

நம் செய்முறை வகுப்புகளில் நடப்பதை வெளிப்படையாகப் பேசுவோம். ரெக்கார்டு நோட்டில் முடிவு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு ஏற்றாற்போல் அளவுகள் பின்னால் பிறக்கின்றன! போன பேட்ச் நோட்டிலிருந்து இந்த பேட்ச் நோட்டுக்குப் படமும் பிழையும் ஒருங்கே வந்து சேர்கின்றன. சீவல் கிழிந்துபோனால் கிழிந்தது என்று எழுதுவோர் இல்லை; எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற அச்சம். வராத நிறத்தை வந்ததாக எழுதுவதற்கு மூன்று ஆண்டுகள் பழகிய கை, வேலைக்குப் போன முதல் நாளே திருந்திவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? நியூஃபவுண்ட்லாந்தின் கூடத்திலும் யாரும் கொலை செய்ய எண்ணி வரவில்லை. வராத நிறத்தை 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த தகட்டை எடுத்தார்கள், அவ்வளவே.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் பெரிதன்று. தவறிப்போன சோதனையை, ஏன் தவறியது என்ற காரணத்தோடு எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் தாருங்கள். ஒவ்வொரு சாயமேற்றும் சோதனையிலும் விடை தெரிந்த தகடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். அத்தோடு வரும் பருவத்தில் ஒரே ஒரு சோதனையைப் புதிதாகச் சேர்க்கலாம். சந்தையில் காலையில் வெட்டிய ஆட்டு ஈரல் கால் கிலோ போதும். சிறு துண்டு ஒன்றை உடனே பத்துச் சதவிகித ஃபார்மலினில் போட வேண்டும். இன்னொன்றை மேசைமேல் மாலை வரை வைத்திருந்து பிறகு போட வேண்டும். மூன்றாவதைக் கை அகலத் துண்டாகவே அதே புட்டியில் திணித்து, அதன் நடுப்பகுதியைச் சீவ வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் சாயமேற்றி நுண்ணோக்கியில் வரிசையாக வைத்தால் முதல் தகட்டில் உட்கரு ஒவ்வொன்றும் பொட்டு வைத்தாற்போல் நிற்கும். மற்ற இரண்டிலும் செல்லின் எல்லையே கரைந்து கிடக்கும். ஃபார்மலின் நம் துறையில் இருக்கிறது. சாயமும் இருக்கிறது. மைக்ரோடோம் மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. அதன் கத்தியை மட்டும் சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும்.